திட்டு வாங்க வந்த மிசி

திட்டு வாங்குவதற்கென்றே விடியற்காலையில் எழுந்து, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, பனியில் மேடேறி வருகிற ஒரு மனுஷியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் அவரை மிசி என்று கூப்பிட்டோம். மிசி என்றால் தாதி. உண்மையில் அவர் தாதி இல்லை. தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கிற டிரசருக்கு உதவியாள். மருந்துப் புட்டி கழுவுவார், கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டுவார், ஊசிக்குப் பயந்து ஓடுகிற பிள்ளைகளைப் பிடித்து வருவார். நல்ல உயரம். சேலையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகி, மேலே ஆம்பிளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருப்பார். மழை இருக்கிறதோ இல்லையோ, கையில் கறுப்புக் குடை இருக்கும். கதவைத் தட்டுவது அந்தக் குடைப்பிடியால்தான். அவர் தட்டினால் தகரக் கூரை வரைக்கும் அதிரும்.

எழுபதுகளின் நடுவில் தானா ராத்தா டவுனில் இருந்த அரசாங்க ஆபீஸிலிருந்து ஓர் ஏற்பாடு வந்தது. தோட்ட வேலையிலிருந்து நின்றுபோய் லயத்தில் தனியாக இருக்கிற வயதானவர்களைத் தினமும் யாராவது கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சும்மா வரவில்லை அந்த ஏற்பாடு. மேல் லயத்தில் ஒரு கிழவி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாமல், நாய் குரைத்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துத் துரைக்கும் பயம் வந்துவிட்டது. அந்த ஆபீஸிலிருந்து ஒரு மலாய்க்கார அதிகாரி வந்து, பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் பெரியவர்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசினார். அவர் மலாயில் சொல்லச் சொல்ல டிரசர் தமிழில் சொன்னார்.

விஷயம் இதுதான். எங்கள் லயத்து ஜன்னல்கள் பலகை ஜன்னல்கள். மேலே கீல் இருக்கும். கீழ்ப்பக்கம் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்த வேண்டும். தனியாக இருக்கிற பெரியவர்கள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடிப்பதற்குள் அந்த ஜன்னலைத் தூக்கிவிட வேண்டும். பெரட்டுக்குப் போகிறவர்கள் மேல்பாதையில் நடக்கும்போது பார்த்துக்கொண்டே போவார்கள். எவர் ஜன்னல் மூடியிருக்கிறதோ அந்த வீட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கிளினிக்கில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பிடித்துப்போன ஏற்பாடு. அடுத்த தடவை அதிகாரி வந்து பாதையிலிருந்து பார்த்தபோது எல்லா ஜன்னலும் தூக்கியிருந்தது. "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் மெச்சி, டிரசரின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மிசிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஜன்னல் பேசுமா? எனக்கு மனுசன் குரல் கேக்கணும்" என்றார். யாரும் சொல்லாமலே கீழ்ப்பக்கம், தண்ணீர் ஓடுகிற கானோரமாக வாசல் வாசலாகப் போக ஆரம்பித்தார். அதுவும் எப்படி? "நல்லாருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். அப்படிக் கேட்டால், காய்ச்சலில் நடுங்கிக் கிடக்கிறவர்கூட "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வாராம். ஆகவே அவர் சீண்டுவார். உள்ளே இருப்பவர் வாய் கொள்ளாமல் திட்டும் வரைக்கும் சீண்டுவார். திட்டு வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்பார், முழுசாகக் கேட்பார். பிறகு "சரி, இருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார்.

ஒவ்வொருவர் திட்டும் அவருக்குப் பாடம். கோழி வளர்க்கிற கிழவி மூச்சு விடாமல் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். ஒருநாள் மூன்றாவது தலைமுறையோடு நிறுத்திக்கொண்டாள் என்று மிசி டிரசரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பார்த்தால் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. காது கேட்காத ஒரு பெரியவர் கதவு அதிர்வதை உணர்ந்து உள்ளேயிருந்து தகரக் குவளையை விட்டெறிவார். குவளை எவ்வளவு பலமாகக் கதவில் மோதுகிறது என்பதுதான் கணக்கு.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. வாய்க்கு வந்தபடி பொய் சொல்வார். "ஒங்க சேவல மாரியம்மன் கோயிலுக்கு நேந்துவிட்டாச்சாம், ஆள் வந்துக்கிட்டு இருக்கான்" என்பார். "பேரன் பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் வந்தானாமே, ஒங்களப் பாக்காமலே போயிட்டானாமே" என்பார். ஒருநாள் ஒரு பெரியவர் அதைக் கேட்டுத் திட்டவில்லை, அழுதுவிட்டார். மிசி உடனே கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய், அன்றைக்குக் கிளினிக் பக்கமே போகாமல் அவரோடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் வேறு பொய்யோடு வந்துவிட்டார். இந்தப் பொம்பிளைக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

என் மாமனார் கடைசி வீட்டில் இருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே பேர் போன கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி மட்டம் பண்ணுவதில் அவர் கத்திக்கு நிகர் கிடையாது என்பார்கள், அவரும் அப்படித்தான் சொல்வார். அத்தை போன பிறகு எங்களோடு இருக்க மாட்டேன் என்று சண்டை பிடித்து, தோட்ட ஆபீஸ் பெரிய கிராணியிடம் கேட்டுக் காலியாகக் கிடந்த கடைசி வீட்டுக்குப் போய்விட்டார். சாப்பாடும் தேத்தண்ணியும் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கும் ஒரு குறை சொல்வார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இல்லை, முகம் முழுக்க இருந்தது.

மிசியும் அவரும் தினம் காலையில் மோதிக்கொள்வதை லயமே கேட்கும்.

"தாத்தா, நீங்க வெட்டுன கவ்வாத்துல மலையே மொட்டையாப் போச்சாம்லா. துரை சொல்லிச் சிரிக்கிறாரு!"

"எவடி அவ, விடிஞ்சும் விடியாம கதவ ஒடைக்கிறது? ஒங்கப்பன் கட்டுன கதவா? கவ்வாத்துக் கத்தி எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு ஒன் துரைக்குத் தெரியுமாடி? போடி, போய் அந்த டிரசர் மூஞ்சியில தட்டு, மூதேவி!"

"சரி, இருக்காரு" என்று மிசி போய்விடுவார். மாமா அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் பெரியவர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார்கள். மலைக் குளிரில் விடியுமுன் எழுந்து ஜன்னலைத் தூக்குவது யாருக்குப் பிடிக்கும்? ராத்திரி படுக்கும்போதே பலகையைத் தூக்கிக் கம்பு கொடுத்துவிடுவது. காற்று வராமல் இருக்க உள்பக்கம் உரச் சாக்கை ஆணி வைத்து அடித்துவிடுவது. மேல்பாதையில் போகிறவர்கள் கண்ணுக்கு ஜன்னல் திறந்திருக்கும். உள்ளே இருப்பவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். ஏற்பாட்டுக்கு ஏற்பாடும் ஆச்சு, தூக்கத்துக்குத் தூக்கமும் ஆச்சு. ஜன்னல் பக்கமே போகாத மிசிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, மாமா வீட்டில் சாக்கைப் பார்த்தும் மழைச் சாரலுக்கு என்றுதான் நினைத்தேன்.

சாக்கு மட்டும் இருந்தால் பரவாயில்லை. எங்கள் பக்கம் கங்கு டின் என்று ஒன்று உண்டு. பெரிய பிஸ்கட் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பியில் கைப்பிடி வைத்திருப்பார்கள். தேயிலை காய வைக்கிற பேக்டரி அடுப்பிலிருந்து கங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலடியில் வைத்தால் அறை கதகதவென்று இருக்கும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வைத்தவர்கள்தான். ஆனால் அப்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. சாக்கடித்து இடுக்கை எல்லாம் அடைத்த பிறகு அந்தப் புகையில்லாத கங்கு என்ன செய்யும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு வாசல்கூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பெரட்டுக்குப் போய்விட்டார். சின்ன மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வேலைக்குப் போகவில்லை. மாமாவுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனபோது மிசி ஏற்கனவே கடைசி வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தார். நான் எரிச்சலோடு ஒதுங்கி நின்றேன். இவர் சண்டை முடிந்தால்தானே நான் உள்ளே போக முடியும்?

தட்டித் தட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு... மிசியாம்மா... வாங்கம்மா..."

எனக்கு ஒரே ஆச்சரியம். மாமா வாயிலிருந்து 'அம்மா' என்று ஒரு வார்த்தை! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. வயசான காலத்தில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மிசி குடையை இறக்கினார். கதவோடு காதை வைத்தார்.

"தாத்தா, நீங்க வெட்டுன கவ்வாத்துல மலையே மொட்டையாப் போச்சாம்."

"சரிம்மா..."

"கத்தி புடிக்கவே தெரியாதாம் ஒங்களுக்கு."

"சரிம்மா... அப்படியே இருக்கட்டும்மா... நீங்க போயிட்டு வாங்க..."

மிசி என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இது அவர் இல்லடி" என்றார்.

"என்னா மிசி ஒளர்றீங்க? நல்லாத்தான பேசுறாரு!"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

கதவைத் தள்ளினார். உள்ளே குறுக்கே இரும்புக் கம்பி போட்டிருந்தது. தோளால் இடித்தார். நானும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இடித்தேன். அசையவில்லை. "மாமா, கதவத் தெறங்க! மாமா!" என்று கத்தினேன். பதில் இல்லை. இப்போதுதானே பேசினார் என்று மறுபடி இடித்தேன். மிசி குடையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி மேல்பாதைப் பக்கம் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கால் வழுக்கி முழங்கை சிராய்த்தது அப்புறம்தான் தெரிந்தது.

ஜன்னல் பலகை அழகாகத் தூக்கியிருந்தது. அதற்குள் கறுப்பாக, இறுக்கமாக உரச் சாக்கு. மிசி ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடைப்பிடியின் வளைவைச் சாக்கின் ஓரத்தில் மாட்டி, உடம்போடு பின்னால் சாய்ந்து இழுத்தார். ஆணியோடு பிய்ந்து வந்தது. உள்ளேயிருந்து ஒரு சூடு முகத்தில் அடித்தது. அவர் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக ஏறி உள்ளே விழுந்தார். இரும்புக் கம்பி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. நான் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மாமாவை அக்குளில் கை கொடுத்து வாசலுக்கு இழுத்து வந்திருந்தார். ஈர மண்ணில் கிடத்தினோம். மாமாவின் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாயோரம் எச்சில். கட்டிலடியில் கங்கு டின் இன்னும் சிவந்திருந்தது.

டிரசர் வந்தார், பார்த்தார், "தானா ராத்தாவுக்குக் கொண்டு போங்க, ஒடனே" என்றார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். தோட்ட ஆபீஸ் லேண்ட்ரோவரில் பின்னால் நான் உட்கார்ந்து மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மிசி எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். பனியில் வளைவுகள் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போனார்.

வழி முழுக்க மிசி மாமாவின் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டிக்கொண்டே திட்டினார். தான் திட்டியது மட்டும் இல்லை, தன்னைத் திட்டச் சொல்லிக் கெஞ்சினார்.

"ஒங்க கத்தி மழுங்குன கத்தி! கேக்குதா? மழுங்குன கத்தி! நீங்க வெட்டுனதெல்லாம் தழைக்கவே இல்ல! திட்டுங்க தாத்தா! என்னா சும்மா இருக்கீங்க? என்னையத் திட்டுங்களேன்!"

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார். எனக்கு மாமா போய்விட்டார் என்றே தோன்றிவிட்டது. புருஷனிடம் என்ன சொல்வேன் என்று மனசுக்குள் வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன்.

டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் மாமாவின் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. மிசி குனிந்து கேட்டார்.

"...மூதேவி..."

மிசி அப்படியே லேண்ட்ரோவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருக்காரு" என்றார். "இருக்காருடி." அதைச் சொல்லும்போது அவர் கை என் முழங்காலைப் பிடித்திருந்தது. அந்தப் பிடி வலித்தது. நான் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில், அடைத்த அறையில் கங்கின் விஷக் காற்று ஏறிவிட்டது என்று சொல்லி, மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மிசியின் ஸ்வெட்டர் ஜன்னல் ஆணியில் கிழிந்து தொங்கியது. எப்படித் தெரிந்தது உங்களுக்கு என்று கேட்டேன். கிழிசலை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எங்கம்மா என்னைய நாளு தவறாமத் திட்டும். சின்ன வயசுலேருந்து. சமைக்கத் தெரியல, நடக்கத் தெரியல, ஒன்னும் தெரியல. ஒருநாள் காலையில திட்டல. 'பாத்துப் போயிட்டு வாடி கண்ணு'ன்னுச்சு. எனக்குக் கால் தரையில பாவல. பாட்டுப் பாடிக்கிட்டே பெரட்டுக்குப் போனேன்." குடைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரும்பி வரையில வீட்டு முன்னால கூட்டம்."

கதவுக்கு வெளியே சந்தோஷமாக நின்ற என்னைப் பற்றித்தான் அவர் சொல்வது போல இருந்தது. அன்றையிலிருந்து அவர்மேல் இருந்த வெறுப்பு எனக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவர் தினமும் எத்தனை வாசலில் இதே பயத்தோடு நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாமா பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்குள் மிசி லயம் லயமாகப் போய்ச் சாக்கை எல்லாம் பிடுங்கி, கங்கு டின்களை வாசலுக்கு வெளியே வைக்கச் செய்திருந்தார். பெரியவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டிய திட்டு பேக்டரி வரைக்கும் கேட்டது. அவர் அதை ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் தானா ராத்தா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, குளிருக்கு என்ன வழி என்று கேட்டுக் கேட்டு, கனமான கம்பளிகள் வரவழைத்த பிறகுதான் ஓய்ந்தார்.

இனி நிம்மதி என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் சிக்கல் வந்தது. மாமா திட்டுவதை நிறுத்திவிட்டார்.

உயிர் கொடுத்தவளை எப்படித் திட்டுவது என்று அவருக்கு ஆகிவிட்டது. குறுக்குக் கம்பியைத் தன் கையாலேயே கழற்றி எறிந்தார். காலையில் குடைப்பிடி கதவில் பட்டதும் எழுந்து உட்கார்ந்து, "வாம்மா தாயே, நல்லாருக்கேம்மா" என்பார். எங்களிடம் மட்டும் பழைய ஆள்தான். என் குழம்பில் உப்பு இல்லை, என் புருஷனுக்கு மூளை இல்லை. மிசியிடம் மட்டும் கைகூப்பு.

"தாத்தா, ஒங்க கவ்வாத்துல மலையே மொட்டையாம்."

"நீ சொன்னா சரியா இருக்கும்மா."

இதைக் கேட்டதும் மிசியின் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே பேச்சு. ஒவ்வொரு நாளும் அதே பேச்சு. அவர் கதவைத் தள்ளி உள்ளே போய், மாமாவின் கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்துப் பார்த்து, வாயை முகர்ந்துகூடப் பார்த்துவிட்டுத்தான் போவார். மற்ற வாசல்களில் ஒரு நிமிஷம், இங்கே மட்டும் தேத்தண்ணி ஆறும் வரைக்கும். வெளியே வந்த பிறகும் போக மாட்டார், கொஞ்சம் நடந்து திரும்பி வந்து மறுபடி பார்ப்பார்.

"ஒரு வார்த்தை திட்டிருங்க தாத்தா. நான் நிம்மதியா போயிருவேன்."

"ஒன்னைய எப்படிம்மா திட்டுவேன்? வாய் வரலியே."

"வாய் வரலன்னா எனக்கு உயிர் போவுது தாத்தா!"

மாமா கைகூப்பிச் சிரிப்பார். மிசி என்னிடம் வந்து, "மத்தியானம் ஒருக்கா பாரு, சாயந்தரம் ஒருக்கா பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் போய்ப் போய்ப் பார்ப்பேன். உப்பு இல்லை என்று மாமா என்னைத் திட்டினால் ஓடிப்போய் மிசியிடம் சொல்வேன். அது அவருக்குப் போதவில்லை. தன் காதால் கேட்க வேண்டும் அவருக்கு. வருஷக்கணக்கில் இப்படியே போனது. மாமா தளர்ந்துகொண்டே வந்தார், மிசிக்கும் நரைத்துவிட்டது.

எண்பதுகளில் மிசிக்கு ஓய்வு வயது வந்தது. மலையடிவாரத்துத் தாப்பாவில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றார். லயத்துப் பொம்பிளைகள் நாங்கள் முறை வைத்து வாசல்களைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. போகிற அன்று காலையில் பேக்டரி முடக்கு என்கிற ரோட்டு வளைவிலிருந்து தோட்டத்து லோரி கீழே இறங்கும், அதில் அவர் போக வேண்டும். பெட்டியை முந்தின நாளே லோரியில் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிறேன் என்று குடையோடு வந்தார். கோழிக்காரக் கிழவி ஏழு தலைமுறையையும் இழுத்து, முடிவில் அழுது அனுப்பினாள்.

கடைசி வீட்டுக்கு நானும் கூட வந்தேன். குடைப்பிடி கதவில் பட்டது. பதில் இல்லை. மறுபடி தட்டினார். இல்லை. தள்ளினார். கம்பளி ஒரு பக்கம் கிடந்தது. கட்டில் காலி. மிசி பாயில் கை வைத்துப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குடி" என்றார்.

நான் கொல்லைப் பக்கம் ஓடினேன். இல்லை. கானில் எட்டிப் பார்த்தேன். இல்லை. பனி அன்றைக்கும் தரையோடு இருந்தது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, கம்பளிகூட இல்லாமல் எங்கே போயிருப்பார்? மிசி தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிவிட்டார். "தாத்தா! தாத்தா!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகக் குடையால் விலக்கிப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் போனோம். கல்லில் பாசி. தண்ணீர் சத்தத்தில் எங்கள் குரலே எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு தடவை கீழே வெள்ளையாக ஏதோ கிடந்தது. மிசி அப்படியே நின்றுவிட்டார், போய்ப் பார்க்கவில்லை. நான்தான் போனேன். கிழிந்த உரச் சாக்கு.

மேலே லோரி ஹாரன் கேட்டது. ஒரு தடவை, மறு தடவை, நீளமாக மூன்றாம் தடவை. "மிசி, ஒங்க லோரி" என்றேன். அவர் காதில் வாங்கவே இல்லை. லோரி வளைவில் இறங்கிப் போகிற சத்தம் தேய்ந்து அடங்கியது.

சத்தம் அடங்கின பிறகுதான் பேக்டரி முடக்குப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் வந்தது. யாரோ கத்துகிற சத்தம். மிசி தலையைச் சாய்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வயதில் மேட்டில் ஓடினார்.

முடக்கில், லோரி நின்ற இடத்தில், மாமா நின்றுகொண்டிருந்தார். பழைய வேலைக் கோட்டைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, ஒரு கையில் கம்பு, ஒரு கையில் பொட்டலம். மிசியை வழியனுப்பலாம் என்று விடியுமுன்னே எழுந்து, யாரிடமும் சொல்லாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பனிக்குள்ளிருந்து, உடம்பெல்லாம் சேறாக, முள் கீறி, மிசி வந்து நிற்பதைக் கண்டதும் அவர் முகம் முழுக்கக் கோபம் ஏறியது. எத்தனையோ வருஷமாகப் பார்க்காத அதே கோபம்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச, மூதேவி? லோரி போயிருச்சுடி! கிழவன் ஒருத்தன் பனியில வெரைச்சுப் போயி நிக்கிறேன், இவ தேயிலைக்குள்ள மேஞ்சுட்டு வர்றா! அந்த டிரைவர்கிட்ட நான் எத்தனை கெஞ்சு கெஞ்சுனேன் தெரியுமா? வந்துருவா, வந்துருவான்னு! இத்தினி வருசமா ஊரையே தட்டித் தட்டி எழுப்புனியே, ஒனக்கு நேரங்காலம் தெரியலியாடி? கூறுகெட்ட கழுதை! மலை மொட்டையாப் போச்சாம்ல மலை! எவன்டி சொன்னான்? அவன இங்க கொண்டாடி, நான் கேக்கிறேன்!"

மிசி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். மாமாவுக்கு நடுவில் இருமல் வந்தது. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன். மிசி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"மூச்சு வாங்கிட்டுத் திட்டுங்க தாத்தா" என்றார். "அடுத்த லோரி மத்தியானம்தான்."

மாமா கம்பை ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.